அலை மின்சாரம்: சோலார் கன்ட்ரோலர் சரிப்படவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். தரங்கம்பாடி பக்கம், மாமா படகு கட்டும் இடத்தில் ஒரு மிதவை போட்டிருக்கிறேன். அது ஏறும்போது கயிறு பழைய மின் ஸ்கூட்டரின் ஹப் மோட்டாரை ஒரு பக்கம் சுழற்றும், இறங்கும்போது எடைக்கல் மறுபக்கம் இழுக்கும். மோட்டாரின் மூன்று பேஸையும் டையோடு பிரிட்ஜில் டிசி ஆக்கி, சோலார் கன்ட்ரோலர் வழியாக 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுக்கிறேன். வலைக் கொட்டகையில் இரண்டு எல்இடி எரிந்தால் போதும்.

சிக்கல் என்னவென்றால், மிதவை அலையின் உச்சியிலும் பள்ளத்திலும் ஒரு கணம் நின்றுவிடுகிறது. 6 விநாடி அலை என்றால் 3 விநாடிக்கு ஒருமுறை வோல்டேஜ் பூஜ்யம், நடுவில் 40ஐத் தொடுகிறது. என் கன்ட்ரோலர் சோலார் எம்பிபிடி வகை, அதாவது அதிகபட்ச பவர் கிடைக்கும் வோல்டேஜைத் தானே தேடிப் பிடிப்பது; ஆனால் வெயிலுக்குப் பழகியது. மெதுவாகத் தேடி உச்சப் புள்ளியைப் பிடிப்பதற்குள் அலை போய்விடுகிறது. கேரளாவின் விழிஞ்ஞத்தில் 1991இல் அமைத்த 150 கிலோவாட் அலை மின் நிலையத்துக்கே இந்த ஏற்ற இறக்கம் தலைவலியாகத்தான் இருந்தது, நான் எம்மாத்திரம்!

போன வாரம் பேட்டரி நிரம்பியதும் கன்ட்ரோலர் இணைப்பைத் துண்டித்தது. சுமை இல்லாமல் வோல்டேஜ் எகிறி, அதில் சுவிட்ச் வேலை பார்க்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் 'டப்'பென்று வெடித்தது. கொட்டகை முழுக்கக் கருகல் வாடை. "கடலையே கருக்கிட்டியேடா" என்று மாமா இன்னும் கிண்டல் செய்கிறார்.

இனி வோல்டேஜைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிற பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் போடலாமென்று இருக்கிறேன். பிரிட்ஜுக்கும் அதற்கும் நடுவில், மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கிவைக்க சூப்பர் கெபாசிட்டர் வைத்தால் அலைக்கு அலை சமாளிக்குமா? மிச்ச மின்சாரத்தை நிக்ரோம் (ஹீட்டர்) கம்பியில் எரிக்க, எத்தனை வோல்ட்டில் திருப்பிவிடுவது? அப்புறம், உப்புக் காற்றில் போர்டு பச்சை பூக்கிறது. அதன்மேல் எபாக்ஸி பிசின் ஊற்றினால் சூடு வெளியேறுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், சர்க்யூட் படம் நாளை போடுகிறேன்.