ஷட்டவுன்: ஒப்பந்த ஊழியருக்கு நின்றுபோன சம்பளம் திரும்ப வருமா?

மேரிலாந்துவாசி | 2025 அக்டோபர் 13

வணக்கம். என் கணவர் ஹெச்-1பி விசாவில் இருக்கிறார். நிறுவனம் தனியார், ஆனால் ப்ராஜெக்ட் அமெரிக்க மத்திய அரசு அலுவலகத்துடையது. 1ஆம் தேதி ஷட்டவுன் (செலவுக்கான நிதிக்கு ஒப்புதல் கிடைக்காமல் அரசு அலுவலகங்களை மூடுவது) தொடங்கியதுமே வேலையை நிறுத்தச் சொல்லி மெயில் வந்துவிட்டது. இருக்கிற லீவை எடுங்கள், தீர்ந்தால் சம்பளமில்லா லீவு என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அரசு ஊழியர். முடிந்ததும் மொத்தமாகத் தந்துவிடுவார்கள், கவலைப்படாதே என்கிறார். எங்களுக்கும் அப்படி வருமா? விசா நீட்டிப்பும் டிசம்பருக்குள் போட்டாக வேண்டும். வாடகை, கார் லோன், ஊருக்கு அனுப்புகிற பணம் என்று நினைத்தால் ராத்திரி தூக்கமே வருவதில்லை.

அலெக்சாண்ட்ரியா அக்கா | அக்டோபர் 13

தங்கச்சி, அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு வரும். அரசு உங்களுக்குத் தராது. 2019இல் வந்த சட்டப்படி, வீட்டில் உட்கார வைக்கப்பட்ட அரசு ஊழியருக்கும் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவருக்கும் பிறகு முழுச் சம்பளம் உண்டு. ஒப்பந்த ஊழியர் அதில் சேர்த்தி இல்லை.

2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் மூடியபோது நானும் ஒப்பந்தத்தில்தான் கணக்கு வேலை பார்த்தேன். ஜனவரி 11 அன்று அரசு ஊழியரான தோழி தன் சம்பளச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினாள். வரவு: பூஜ்யம். அவளுக்கு அது பின்னால் முழுசாக வந்தது. என் ஐந்து வாரம் போனது போனதுதான். அம்மா போட்ட இரண்டு வளையலை விற்றுத்தான் பிப்ரவரி வாடகை கட்டினேன்.

அதைவிட மனசில் நிற்பது வேறு. எங்கள் கட்டிடத்துக் கேண்டீனில் எல் சால்வடோரைச் சேர்ந்த ஓர் அம்மா. நான் சைவம் என்று தெரிந்து, இறைச்சிக் கரண்டி படாமல் எனக்குப் பீன்ஸ் தனியாக எடுத்து வைப்பார். மணிக்கூலி. அலுவலகம் மூடினால் கேண்டீனும் மூடல். சமையல் கலைஞர் ஹோசே ஆண்ட்ரெஸ் பென்சில்வேனியா அவென்யூவில் இலவசச் சாப்பாடு போட்டாரே, அந்த வரிசையில் அவரைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் கையிலிருந்த டப்பாவைப் பைக்குள் தள்ளிவிட்டார். அவருக்கும் ஒரு காசு திரும்ப வரவில்லை.

இப்போது நான் அரசு ஊழியர். இந்த முறை எனக்கு வந்துவிடும் என்ற நிம்மதி இருக்கிறது. அந்தக் கேண்டீன் அம்மாவுக்கு நடந்ததை நினைத்தால் கோபம்தான் வருகிறது. ஒரே கட்டிடம், ஒரே ஷட்டவுன்.

சரி, வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டு உரிமையாளரிடம் ஒன்றாம் தேதிக்கு முன்பே பேசிவிடுங்கள். வாடகை தவறிய பிறகு கேட்டால் யாரும் காது கொடுப்பதில்லை.

வரிசையில் நிற்பவன் | அக்டோபர் 14

சகோதரி, அக்கா சொன்னது அரசுப் பணத்தைப் பற்றி. ஆனால் ஹெச்-1பிக்கு வேறு விதி உண்டு. வேலை இல்லை என்று நிறுவனமே பெஞ்சில் உட்கார வைத்தால், எல்சிஏவில் (ஹெச்-1பிக்காக நிறுவனம் தொழிலாளர் துறைக்குத் தருகிற உறுதிமொழிப் படிவம்) ஒப்புக்கொண்ட சம்பளத்தை அது கொடுத்தே ஆக வேண்டும். அவராக லீவு கேட்டது போல எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். இது முக்கியம்.

நீட்டிப்பைப் பொறுத்தவரை, குடிவரவுத் துறை விண்ணப்பக் கட்டணத்தில் ஓடுவதால் திறந்திருக்கிறது. எல்சிஏவுக்கு ஒப்புதல் தருகிற தொழிலாளர் துறைதான் அடைத்துக் கிடக்கிறது. அது இல்லாமல் மனு போட முடியாது. எனக்கும் அங்கேதான் நிற்கிறது. வக்கீலிடம் காகிதத்தையெல்லாம் இப்போதே கொடுத்து வையுங்கள், திறந்த அன்றே போட்டுவிடலாம்.

மேரிலாந்துவாசி | நவம்பர் 14

எல்லோருக்கும் நன்றி. 43 நாள் கழித்து நேற்று முன்தினம் முடிந்தது. தொழிலாளர் துறை அதற்கு முன்பே, அக்டோபர் கடைசியில், விண்ணப்பம் வாங்க ஆரம்பித்துவிட்டது. எல்சிஏ நேற்று கைக்கு வந்தது, மனு திங்கட்கிழமை போகிறது. அந்த விதியைக் குறிப்பிட்டு மெயில் போட்ட பிறகு நிறுவனம் இரண்டு வாரச் சம்பளம் தந்தது. மீதிக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். நடுவில் 40 விமான நிலையங்களில் விமானங்களைக் குறைத்தார்களே, அதில் சிகாகோவிலிருந்து வர வேண்டிய என் மாமியாரின் பயணமும் ஒருநாள் தள்ளிப்போனது. விமானங்களுக்கு வழி சொல்கிற கட்டுப்பாட்டு ஊழியர்களே சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது யாரைக் குறை சொல்வது?

அக்கா, அந்தக் கேண்டீன் அம்மா இப்போது எங்கே இருக்கிறார்?

அலெக்சாண்ட்ரியா அக்கா | நவம்பர் 14

2020இல் கோவிட் வந்தபோது கேண்டீனையே எடுத்துவிட்டார்கள், தங்கச்சி. அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.