மறு: ‘தாவல் புண்’ பொருந்துமா?

> குடலில் விட்டுவிட்டு வரும் பாதிப்பான ஸ்கிப் லீசன் (skip lesion) என்பதற்குத் தமிழில் ‘தாவல் புண்’ என்று வைத்துக்கொள்ளலாமா? சுருக்கமாகவும் இருக்கிறது.

வணக்கம்.

சுருக்கம்தான். ஆனால் அறிக்கையில் ‘தாவல்’ என்று படிக்கும் நோயாளி, ஓரிடத்து நோய் வேறிடத்துக்குத் தாவிவிட்டது என்றே அஞ்சுவார். புற்றுநோயைப் பற்றிய பேச்சு அது. கிரோன் நோய் என்னும் நாட்பட்ட குடல் அழற்சியில் குடலின் ஒரு பகுதி அழன்றிருக்கும். அடுத்த பகுதி நலமாக இருக்கும். அதற்கப்பால் மீண்டும் அழற்சி. பெயரில் வர வேண்டியது அந்த இடைவெளிதான்.

ஆகவே ‘இடைவிட்ட’ என்பது என் பரிந்துரை. ‘இடைவிடாத’ எல்லார் நாவிலும் உள்ள சொல்; அதன் எதிர்ச்சொல் தானாகவே புரியும். இன்னொரு லாபமும் உண்டு. பெருங்குடல் புண் நோயில் (அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்) அழற்சி பொதுவாக மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கி இடைவிடாமல் செல்லும். கொலோனோஸ்கோப்பியில், அதாவது பெருங்குடலைக் குழாய்க் கேமராவால் பார்க்கும் சோதனையில், இரண்டு நோய்களையும் பிரித்தறிய உதவும் வேறுபாடு இது. சொற்களே அதைச் சொல்லிவிடும்.

‘புண்’தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அதை அல்சருக்குக் கொடுத்தாயிற்று. லீசன் அகன்ற சொல்: தொடக்கநிலைச் சிறு புண், ஆழ்ந்த பிளவு, தடித்துக் குறுகிய குடற்பகுதி எல்லாம் அதில் அடங்கும். கிரோன் அழற்சி சளிச்சவ்வோடு நிற்காமல் குடற்சுவரின் முழுத் தடிப்பையும் ஊடுருவக்கூடியது. ‘புண்’ என்றால் மேற்பரப்போடு முடிந்துவிடுகிறது. லத்தீன் மூலத்துக்குத் தீங்கு, காயம் என்று பொருள். நம்மிடம் ‘ஊறு’ இருக்கிறதே! ‘ஊறு விளைவித்தல்’ நாளிதழ்களில் இன்னும் நடமாடுகிறது. ‘இடைவிட்ட ஊறு’ என்று வைப்போம்.

> ‘இடைவிட்ட ஊறு’ என்று வைப்போம்.

ஏற்கிறேன், முதலில் காதுக்குப் பழகவில்லை என்றாலும். ஆனால் விளக்கத்தில் ‘கிரோன் நோயின் அடையாளம்’ என்று எழுதிவிடாதீர்கள். குடற்காசநோயிலும் இடைவிட்ட ஊறுகள் வரலாம். மருந்து எடுத்துக்கொண்டபின் பெருங்குடல் புண் நோயும் திட்டுத்திட்டாகத் தெரியலாம். இது ஊறு அமைந்திருக்கும் விதத்தின் பெயர். நோயின் பெயர் அன்று.

கிரானுலோமாவைத் தனி இழையில் பேசலாம். அது விழுங்கணுக்கள் கூடிய சிறு திரள். அதன் நடுவே திசு பாலாடைக்கட்டி போல் நசிந்திருந்தால் காசநோயை நினைக்க வேண்டும், கிரோன் நோயில் அப்படி நசிவதில்லை. ‘கட்டி’ என்று முடியும் எதையும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள்.