போவன் நோய்க்குக் களிம்பு: தோல் வெந்ததுபோல் ஆகிவிட்டது, நிறுத்தலாமா?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா): அப்பாவுக்கு 83 வயது. இளவயதில் ரப்பர் தோட்டத்தில் களைக்கு மருந்தடித்தவர். முதுகில் போவன் நோய் (மேல்தோலோடு நிற்கும் ஆரம்பநிலைத் தோல் புற்று) என்று பயாப்சியில் வந்தது. 5-ஃபுளோரோயூராசில் 5% களிம்பு, தினம் இரண்டு வேளை, 4 வாரம். பத்தாம் நாள் சிவந்து கசிகிறது. ஒவ்வாமையா? மஞ்சள் பூசலாமா?

பதில் 1: பூசிய இடத்தோடு நின்றால் பெரும்பாலும் ஒவ்வாமை இல்லைங்க, மருந்து வேலை செய்கிறது. வெயிலில் டிஎன்ஏ கெட்ட செல்லை பி53 என்ற புரதம் சாகச் சொல்லும். கேஸ்பேஸ் நொதிகள் அதை உள்ளிருந்தே துண்டாக்கும். இதுதான் அப்போப்டோசிஸ். போவன் செல்களில் பி53 பல நேரம் கெட்டிருக்கும், அதனால் சாகாமல் பெருகும். இந்த மருந்து, டிஎன்ஏ கட்டத் தேவையான தைமிடிலேட் சிந்தேஸ் நொதியை அடைப்பதால், டிஎன்ஏ நகலெடுக்கும் செல்கள் நடுவழியில் உடைந்து சாகின்றன. அப்போப்டோசிஸ் சத்தமில்லாத சாவுதான். சுருங்கிய செல்லைப் பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும். இங்கே ஒரே நேரத்தில் ஏராளமாகச் சாவதால் மேல்தோல் உரிந்து, அழற்சியும் சேர்கிறது. அதுதான் அந்தக் கசிவு.

பதில் 2: கையுறை போட்டு மெல்லிசாகத் தடவுங்கள், பிறகு கை கழுவுங்கள். டாக்டர் சொல்லாமல் பிளாஸ்டிக் ஒட்டிக் கட்ட வேண்டாம், மருந்து அதிகம் உள்ளே போகும். வெயில் படக்கூடாது. வீட்டில் நாய், பூனை இருந்தால் நக்க விடாதீர்கள், கொஞ்சம் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. சீழ், காய்ச்சல், வாய்ப்புண், கடும் வயிற்றுப்போக்கு வந்தால் களிம்பை நிறுத்தி அன்றைக்கே கிளினிக் போங்கள். வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தால், மருந்தை உடைக்கும் டிபிடி நொதி உடம்பில் குறைவாக இருக்கலாம். வலி தாங்கவில்லை என்றாலும் டாக்டரிடம் கேளுங்கள், சில நாள் இடைவெளி விடச் சொல்வது உண்டு.

மஞ்சள் வேண்டாம். ஆய்வகத் தட்டில் குர்குமின் புற்றுசெல்லைக் கொல்லும். ஆனால் பூசினால் தோலுக்குள் போதிய அளவு இறங்காது. போதாக்குறைக்கு மஞ்சள் கறை சிவப்பை மறைத்துவிடும், டாக்டரால் புண்ணைச் சரியாகப் பார்க்க முடியாது.

பதில் 3: அண்ணே, மருந்தடித்த வேலையை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி வருவதற்கு முன் ரப்பர் தோட்டங்களில் ஆர்சனிக் நஞ்சுள்ள சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். ஆர்சனிக் பட்டவர்களுக்குப் போவன் திட்டுகள் பல இடங்களில், பல பத்தாண்டு கழித்தும், வெயிலே படாத தோலிலும் வரும். உள்ளங்கை, உள்ளங்காலில் சோளமணி மாதிரி தடிப்பு இருக்கிறதா பாருங்கள். முடிக்கால் வழியே ஆழத்தில் இறங்கிய செல்களைக் களிம்பு எட்டாது. ஆறின பிறகும் அதே இடத்தில் செதிலோ கட்டியோ வந்தால் மறுபடி பயாப்சி கேளுங்கள்.