எக்ஸ்பஞ்ச்: அழிப்பதா, களைவதா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மின்னஞ்சல் மென்பொருளின் தமிழாக்கத்தில் 'எக்ஸ்பஞ்ச்' (expunge) என்ற கட்டளைக்கான சொல் மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது. துடைத்தழி, அழித்தொழி, நிரந்தரமாக அழி என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒன்றை அழிப்பதைவிட, கணக்கிலிருந்து எடுப்பதுதான் இந்தச் சொல்லின் வேலை.

சட்டமன்றத்தைப் பாருங்கள், அங்கேயும் இதே ஆங்கிலச் சொல்தான். 'அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது' என்று பேரவைத் தலைவர் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. மக்களவையில் அந்த அதிகாரத்தைத் தருவது விதி 380. எப்படி நீக்குவது என்பது அடுத்த விதியில் இருக்கிறது: அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகளைப் போட்டு, அவைத்தலைவர் ஆணைப்படி நீக்கப்பட்டது என்று அடிக்குறிப்பு எழுத வேண்டும். நீக்கியதற்கான தடயத்தை விதியே கேட்டு வாங்குகிறது! ஆனால் சட்டத்தின் கணக்கு வேறு. பீகார் பேரவையில் நீக்கப்பட்ட பேச்சையும் சேர்த்து 1957-இல் பாட்னாவின் சர்ச்லைட் நாளேடு வெளியிட்டது. உரிமை மீறல் விவகாரமாகி உச்ச நீதிமன்றம் வரை போனது. நீக்கிய பகுதி பேசப்படாததற்குச் சமம் என்ற ரீதியில் 1958-இல் தீர்ப்பு வந்தது.

அமெரிக்க செனட்டின் கதை இன்னும் சுவையானது. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனைக் கண்டித்து 1834-இல் தீர்மானம் போட்டார்கள். பிறகு அவர் கட்சியினரின் கை ஓங்கியதும், 1837 ஜனவரி 16 அன்று பழைய கையெழுத்துக் குறிப்பேட்டை அவைக்கே எடுத்துவரச் செய்தார்கள். செயலாளர் அந்தத் தீர்மானத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டு, அதன் குறுக்கே 'செனட்டின் ஆணைப்படி நீக்கப்பட்டது' என்று எழுதினார். பக்கத்தைக் கிழிக்கவில்லை, சுரண்டவும் இல்லை. இதைத் துடைத்தழித்தல் என்று எப்படிச் சொல்வது?

இலத்தீன் வேரில் 'குத்துதல்' இருக்கிறது; நீக்க வேண்டிய பெயருக்குப் புள்ளி குத்துவதிலிருந்து வந்தது என்பார்கள். நம் எழுத்திலும் புள்ளி வைத்தால் அகரம் போய்விடுகிறது. உடனே 'புள்ளிநீக்கு' என்று சொல் செய்ய யாருக்காவது கை பரபரக்கும். வேண்டாம், பயனர் திரையில் புள்ளியைத் தேடிக்கொண்டிருப்பார்.

சரி, அஞ்சலுக்கு வருவோம். மடல்களைச் சேவையகத்தில் (server) வைத்தே படிக்கும் ஐமேப் (IMAP) முறையில் 'அழி' என்று அழுத்தினால் மடல் போய்விடாது. அழிக்கப்பட்டது என்ற கொடி, அதாவது ஓர் அடையாளக்குறி, மட்டும் அதன்மேல் ஏறும். எவல்யூஷன் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் அழித்த மடல்களைக் காட்டச் சொன்னால், அவை நடுவில் கோடு அடித்தபடி நிற்கும். மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம். எக்ஸ்பஞ்ச் கட்டளை போன பிறகுதான் சேவையகம் கொடி ஏறியவற்றை மொத்தமாக எடுக்கிறது. அப்போது மீதி மடல்கள் நெருங்கி வரிசை எண்களும் மாறும். ஐமேப் முறையை விவரிக்கும் ஆர்எஃப்சி 3501 (RFC 3501) ஆவணத்தில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு: 3, 4, 7, 11 ஆகிய மடல்களுக்குக் கொடி இருந்தால் சேவையகத்தின் பதில் 3, 3, 5, 8 என்று வரும். மூன்றாவது போனதும் நான்காவது மூன்றாகிவிடுகிறது அல்லவா?

அவையில் இடம் நட்சத்திரத்தோடு நிற்கிறது, அஞ்சலில் இடமே மூடிக்கொள்கிறது. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் திணிப்பானேன்? அவைக்கு 'நீக்கம்' ஏற்கெனவே ஊன்றிவிட்டது, அப்படியே இருக்கட்டும். அஞ்சலுக்கு என் பரிந்துரை 'களை'. களையெடுப்பவர் வயலில் கண்டதையெல்லாம் பிடுங்குவதில்லை. களை என்று தெரிந்ததை மட்டும் வேரோடு எடுக்கிறார். 'குறைகளைக் களைதல்' அலுவலகத் தமிழில் பழகிய தொடரும்கூட.

தனியாக 'களை' என்று பொத்தானில் போட்டால் முகக்களையா, வயற்களையா என்ற குழப்பம் வரும், ஒப்புக்கொள்கிறேன். அரிசி களையச் சொல்கிறீர்களா என்று ஒரு தோழி கேட்டேவிட்டார். அதனால் பட்டியில் (மெனுவில்) 'அழித்தவற்றைக் களை' என்று முழுதாகப் போடலாம். எச்சரிக்கைப் பெட்டியில் 'களைந்த மடல்களை மீட்க முடியாது' என்று இருக்கட்டும். 'அழித்த மடல்களை அழி' என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ தேவலாம்.

கைபேசித் திரையில்தான் இந்தத் தொடர் கொஞ்சம் நீளம். அங்கே பொருந்துகிற மாற்றுச் சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், ஆனால் 'ஒழி' மட்டும் வேண்டாம். பயனரைத் திட்டுவது போல இருக்கிறது.