தோட்டப் பாதைக் கணக்கைக் கேட்டுக் கடிதம் கொடுத்தேன், பதில் இல்லை. அடுத்து என்ன செய்வது?

கொழுந்துமலை எழுதியது:
வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறேன். எங்கள் டிவிஷன் பாதைக்குக் கொங்கிரீட் போட ஆரம்பித்து, கோயில் வளைவோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேலே கல்லும் பள்ளமும்தான். மழை என்றால் ஆட்டோ ஏறாது. நோயாளியை வளைவு வரைக்கும் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி உள்ளூராட்சி சபைக்குக் கடிதம் கொடுத்தேன். "பாதையை ஏன் பாதியில் விட்டீர்கள், யார் பொறுப்பு, எப்போது முடிப்பீர்கள்?" என்று கேட்டிருந்தேன். வாங்கியவர் ரசீது தரவில்லை. நேரில் போனால், "அது தோட்டத்துப் பாதை, துரையைக் கேளுங்கள்" என்கிறார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையோ சபையைக் கேட்கச் சொல்கிறார். மேன்முறையீடு செய்யலாமா, இல்லை முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

டிக்கோயாக்காரன்:
தம்பி, உங்கள் சபை உறுப்பினரைப் பிடித்துப் பேசுங்கள். கடிதம் போட்டு அலைவதைவிட அது சீக்கிரம்.

பழைய பைல்:
உறுப்பினரிடம் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது வாய்ப்பேச்சோடு போய்விடும். உங்களுக்குத் தேவை எழுத்தில் ஒரு பதில்.

தம்பி, புதிதாகவே கொடுங்கள். முதல் கடிதம் போய்ச் சேர்ந்ததற்குக் கையில் சான்று இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, கோரிக்கையைப் பெற்றதும் எழுத்தில் ஒப்புகை கொடுப்பது தகவல் அலுவலரின் கடமை. தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தகவல் அலுவலர் என்று யாரையும் நியமிக்கவில்லை என்றால், நிறுவனத் தலைவரையே தகவல் அலுவலராகக் கருத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

அடுத்தது, கேள்வி. "ஏன்", "எப்போது" என்று கேட்டால் தட்டிக்கழிப்பது சுலபம். அலுமாரியில் இருக்கும் காகிதத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீடு, கொந்தராத்து ஒப்பந்தம், பணம் கொடுத்த வவுச்சர்கள், வேலை முடிந்ததாகக் கொடுத்த சான்றிதழ். எத்தனை மீட்டருக்குக் கையெழுத்துப் போட்டார்கள், எத்தனை மீட்டருக்குப் பணம் போனது என்பது அதிலேயே தெரிந்துவிடும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

"தோட்டத்துப் பாதை" என்பதும் ஒரு பதில் ஆகாது. பாதை யாருடையது என்பது வேறு விஷயம், பைல் யாரிடம் இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. தோட்டங்களிலும் பிரதேச சபைகள் வேலை செய்ய வழிவிட்டு 2018இல் சட்டத்தைத் திருத்தியும் ஆயிற்று. ஆனால் காசு சபையுடையதா, பிரதேச செயலகம் வழியாக வந்ததா, மாகாண சபையுடையதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அதே கோரிக்கையைச் செயலகத்துக்கும் அனுப்புங்கள்.

14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். மறுத்தாலும் சும்மா இருந்தாலும், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

மலையக ஆசிரியை:
தம்பி, தமிழிலேயே எழுதி, பதிலும் தமிழில் வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அரசியலமைப்பு தந்திருக்கும் உரிமை அது. சிங்களத்தில் பதில் வந்தால், அதை வாங்கி வைத்துக்கொண்டு தமிழில் கேட்டு இன்னொரு கடிதம் கொடுங்கள்.

தகவல் பெறும் உரிமை 2015இல் அடிப்படை உரிமையாகவே அரசியலமைப்பில் சேர்ந்தது. எல்லாக் குடிமக்களுக்கும் உரியது. 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்தவர்கள் நம் ஆட்கள். 2003இல் வந்த சட்டத்தால்தான் மிச்சமிருந்த பலருக்கு அது திரும்பக் கிடைத்தது. அதனால் நம் லய வீடுகளிலிருந்து இப்படி ஒரு கடிதம் போவதைப் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

கொழுந்துமலை:
நன்றி அண்ணா, நன்றி டீச்சர். இப்படி மாற்றியிருக்கிறேன்: "மேற்படி பாதைக்குக் கொங்கிரீட் இடும் வேலையின் மதிப்பீடு, ஒப்பந்தம், கொடுப்பனவு வவுச்சர்கள், வேலை முடிவுச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைத் தமிழ் மொழியில் தயவுசெய்து வழங்கவும்." அப்புறம், பக்கத்து லயத்து ஆச்சியும் தன் பெயரில் கேட்க வேண்டும் என்கிறார். அவருக்கு எழுதத் தெரியாது.

பழைய பைல்:
ஒரு திருத்தம். "தமிழ் மொழியில்" என்பதைப் பிரதிகளோடு சேர்க்காதீர்கள். மூல ஆவணம் சிங்களத்தில் இருந்தால், அதையே சாக்காக வைத்து மொத்தத்தையும் இழுத்தடிப்பார்கள். பிரதிகளை இருக்கிறபடியே கேளுங்கள், பதில் கடிதம் மட்டும் தமிழில் என்று தனி வரி போடுங்கள். "மேற்படி பாதை" என்று விடாமல் தோட்டம், டிவிஷன், எங்கிருந்து எதுவரை, எந்த ஆண்டு வேலை என்பதையும் எழுதுங்கள்.

ஆச்சி வாயால் சொன்னால் போதும். எழுத முடியாதவர் சொல்வதைத் தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். நீங்கள் கூடப் போய், எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒப்புகையை வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.