புதுப்பிப்பு: அம்மாவின் தொடை வலிக்குக் காரணம் தெரிந்தது

கொலஸ்ட்ரோலுக்கு சிம்வாஸ்டாட்டின் குடிக்கும் அம்மாவுக்குத் திடீரெனத் தொடை வலி, பனியாலா, கொழுந்து மலை ஏறுவதாலா என்று போன வாரம் கேட்டிருந்தேன். இரண்டும் இல்லை. சளிக்கு வேறொரு டொக்டர் எழுதிய கிளாரித்ரோமைசின் என்ற அன்டிபயாட்டிக்தான். சிம்வாஸ்டாட்டினைச் சிதைக்கும் ஈரல் நொதியை அது தடுத்துவிடுமாம். மருந்து இரத்தத்தில் கூடி, தசையைத் தாக்கும். சேர்த்துக் கொடுக்கவே கூடாத ஜோடி. அம்மா கிளினிக் கொப்பியைக் காட்டவே இல்லை, "சளிக்குத்தானே" என்கிறார்!

ஹட்டனில் பார்த்த டொக்டர் அன்டிபயாட்டிக்கை மாற்றி, சிம்வாஸ்டாட்டினைத் தற்காலிகமாக நிறுத்தினார். சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனால் உடனே வரச் சொன்னார். வலி குறைந்துவிட்டது.

அப்புறம், சித்தப்பா அனுப்பிய சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை. அதிலிருக்கும் மொனகோலின் கே என்ற பொருள், சிம்வாஸ்டாட்டின் வகை மருந்தான லோவாஸ்டாட்டினேதானாம். நல்லவேளை, போத்தலைத் திறக்கவில்லை.