தகர டப்பாவில் இருந்த அடக்கச் செலவுப் பணம்: வெள்ள நாட்களின் அனுபவப் பகிர்வு

சபைப் பொருளாளர்

ஏழு வருடம் எங்கள் சபையில் காணிக்கைக் கணக்கு எழுதியிருக்கிறேன். அந்த ஏழு வருடத்தில் மறக்க முடியாத ஒரு ஞாயிறைப் பற்றி எழுதுகிறேன். முடிவில் உங்களிடம் ஒரு கேள்வியும் இருக்கிறது.

ஒரு வியாழன் இரவு ஆற்றங்கரை உடைந்து, தாழ்வான குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது. சனிக்கிழமைதான் வடியத் தொடங்கியது. மறுநாள் ஆராதனையில் போதகர் பிரசங்கம் செய்யவில்லை. வேதத்தில் இரண்டு பகுதிகளை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலாவது அப்போஸ்தலர் 11. பஞ்சம் வரப்போகிறது என்று அகபு என்கிற தீர்க்கதரிசி அறிவித்ததும், அந்தியோகியா சபையார் அவரவர் திராணிக்குத் தக்கபடி பணம் சேர்த்து, பர்னபா, சவுல் (பவுலின் இன்னொரு பெயர்) இருவர் கையிலும் யூதேயாவுக்குக் கொடுத்தனுப்பிய சம்பவம். ரோமில் கிலவுதியு ஆண்ட காலத்தில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில் நடந்தது. இரண்டாவது 2 கொரிந்தியர் 8. மக்கெதோனியா சபையார் தாங்களே வறுமையில் இருந்தும் எருசலேமில் இருந்தவர்களுக்காகத் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்ததைப் பவுல் அங்கே எழுதுகிறார். பலமுறை கேட்ட பகுதிதான். ஆனால் அந்தக் கொடுக்கிற வேலையில் எங்களுக்கும் இடம் தாருங்கள் என்று அவர்கள் பவுலிடம் வருந்திக் கேட்டுக்கொண்டார்கள் என்பதை அன்றைக்குத்தான் நான் கவனித்தேன். வாங்கிக்கொள்ளும்படி கெஞ்சியவர்கள் கொடுத்தவர்கள்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. எங்களிடம் கையிருப்பாக இருந்தது கட்டிட நிதி மட்டும்தான். ஒழுகுகிற கூரையை மாற்றுவதற்காக நாலு வருடமாகச் சேர்த்தது. அதை அப்படியே வெள்ள நிவாரணத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று உடனே சிலர் சொன்னார்கள். நான் எதிர்த்தேன். கூரைக்கென்று சொல்லி வாங்கிய பணத்தை, கொடுத்தவர்களைக் கேட்காமல் வேறு காரியத்துக்கு எடுப்பது, நல்ல காரியமாகவே இருந்தாலும், சரியல்ல. அதனால் அன்று மாலையே சபையை மறுபடி கூட்டிக் கேட்டோம். தன் பங்கு கூரைக்கே இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் ஒரு சீட்டில் எழுதித் தரலாம் என்றோம். நாலு குடும்பங்கள் எழுதித் தந்தன. அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது ரொம்ப நிறைவாக இருந்தது. மீதி எல்லாம் வெள்ளத்துக்குப் போனது.

கூட்டம் கலைந்த பிறகு, ஆலயத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்கிற பாட்டி வந்து நின்றார். துணை யாரும் இல்லாதவர். கையில் ஒரு தகர டப்பா. தன் அடக்கச் செலவுக்கென்று வருடக்கணக்காகச் சேர்த்த பணம் அதில் இருப்பது எங்களில் பலருக்குத் தெரியும். சவப்பெட்டிக்கு இவ்வளவு, குழி வெட்டுபவருக்கு இவ்வளவு என்று எங்களிடமே கணக்குச் சொல்லியிருக்கிறார். டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, "இதையும் சேத்து எழுதிக்குங்க ஐயா" என்றார்.

நான் டப்பாவை அவர் பக்கமாகத் தள்ளினேன். "உங்க ஜெபம் போதும் பாட்டி, இதை நீங்களே வச்சுக்குங்க" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "எல்லார்கிட்டயும் வாங்குனீங்க. என்கிட்ட மட்டும் ஏன் வேண்டாங்குறீங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மற்றவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நடந்ததை அப்புறம் சொல்கிறேன்.

பெண்கள் ஐக்கியத்தில் இருப்பவர்

பாட்டி கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை. எங்கள் சபையில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. அதை எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

வெள்ளத்துக்குத் துணி கொடுங்கள் என்று அறிவித்தோம். இரண்டே நாளில் ஒரு அறை நிறைந்துவிட்டது. எங்களில் ஆறு பேர் பிரிக்க உட்கார்ந்தோம். பொத்தான் இல்லாத சட்டைகள், கிழிந்த போர்வைகள், ஜோடி இல்லாத செருப்புகள், துவைக்காத துணிகள். பாதிக்கு மேல் யாருக்கும் கொடுக்க முடியாதவை. எங்கள் வீட்டிலிருந்து வந்த மூட்டையும் அந்தக் குவியலில் இருந்தது. அதைப் பிரித்தபோது தலை நிமிர முடியவில்லை. அலமாரியில் இடம் வேண்டுமென்று கட்டிவைத்த மூட்டையை நான் காணிக்கை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

வெள்ளத்தால் வீட்டை விட்டு முகாமில் தங்கியிருந்த பெண்களிடம் போய், என்ன வேண்டும் என்று நேராகக் கேட்டோம். முதலில் சொல்லவே கூச்சப்பட்டார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. மாற்று உள்ளாடை, சானிட்டரி நாப்கின், சீப்பு, மூடி போட்ட வாளி, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தினமும் போடுகிற மாத்திரை. ஒரு அம்மா மூக்குக் கண்ணாடி கேட்டார். அது வெள்ளத்தோடு போய்விட்டதால் மூன்று நாளாக எதையும் வாசிக்க முடியவில்லை என்றார். வந்து சேர்ந்த மூட்டைகளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அடுத்த ஞாயிறு அறிவிப்பை மாற்றிச் சொன்னோம். உள்ளாடை புதிதாக இருக்கட்டும். மற்ற துணிகள் அடுத்த ஞாயிறு ஆலயத்துக்கு நீங்களே உடுத்தி வருகிற மாதிரி இருக்கட்டும் என்று. மூட்டைகள் குறைந்துபோயின. ஆனால் வந்த ஒவ்வொன்றும் உபயோகமானது. தன் திருமணத்துக்கு எடுத்துவைத்திருந்த புதுத் துணிகளில் பாதியை ஒரு பெண் மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து கொடுத்தாள்.

வெள்ளத்தில் வீடு மூழ்கியவர்

நான் கிறிஸ்தவன் இல்லை. எங்கள் வீட்டில் மார்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு உள்ளே கணுக்கால் வரை சேறு. அது காய்ந்தால் சிமெண்டு மாதிரி இறுகிவிடும், ஈரமாக இருக்கும்போதே வழிக்க வேண்டும். நானும் மனைவியும் இரண்டு நாள் வழித்தும் ஒரு அறைகூட முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை பக்கத்துச் சபையிலிருந்து ஏழு பேர் மண்வெட்டி, ரப்பர் காலணி, கையுறையோடு வந்தார்கள். ஒருவர் எலக்ட்ரீஷியன். அவர் பார்த்து முடிக்கும் வரை எந்த ஸ்விட்சையும் தொட வேண்டாம் என்றார். இன்னொருவர் என்னிடம், "எதை முதல்ல வெளிய எடுக்கணும் அண்ணே? எதைத் தூக்கிப் போடக் கூடாது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை வந்தவர்கள் எல்லாரும் பொட்டலத்தைக் கையில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். என் வீட்டில் எது முக்கியம் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

என் அப்பாவின் போட்டோக்கள் என்றேன். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒரு கல்லூரி மாணவி அவற்றைச் சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசிப் பிரித்து, படம் மேலே தெரியும்படி ஒவ்வொன்றாகத் துணியில் பரப்பிக் காயவைத்தாள். வெயிலில் நேராக வைக்கவில்லை. நாள் முழுக்க அந்த ஒரு வேலைதான் செய்தாள். முப்பதுக்கும் மேல் தப்பின.

சேற்றில் வேலை செய்தால் எலிக் காய்ச்சல் வரக்கூடும் என்று சுகாதாரப் பணியாளர்கள் எங்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தார்கள். வந்தவர்களும் அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினார்கள். காலில் வெட்டுக்காயம் இருந்த ஒருவரை மட்டும் சேற்றில் விடவில்லை. அவர் வெளியே நின்று பாத்திரம் கழுவினார். ஏழு பேருமே அன்றைக்கு வேலைக்குப் போகாமல், கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து, மற்ற எல்லாரும் எங்களை மறந்துவிட்ட பிறகு, அவர்களில் இரண்டு பேர் மறுபடி வந்தார்கள். உப்பிப்போய்ச் சாத்த முடியாமல் இருந்த கதவை அளந்துகொண்டு போனார்கள். அடுத்த வாரம் புதுக் கதவு வந்தது.

வாலிபர் சங்கத்தைச் சேர்ந்தவன்

எங்கள் சபை கொடுத்தது ஆலயத்தையே. நாற்பதுக்கு இருபத்தைந்து அடி. நெருக்கிப் படுத்தால் நூறு பேர் தங்கலாம் என்று நாங்களாகவே கணக்குப் போட்டிருந்தோம். நிவாரணப் பணியில் அனுபவமுள்ள ஒரு அக்கா வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். தங்குமிடங்களுக்கு ஸ்பியர் என்று உலக அளவில் ஏற்றுக்கொண்ட குறைந்தபட்ச அளவுகள் இருக்கின்றன என்று விளக்கினார். ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம், நாளுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. அந்தக் கணக்கில் எங்கள் ஆலயத்தில் 26 பேர்தான் தங்க முடியும். கழிப்பறையோ ஒன்றே ஒன்று.

நூறு பேருக்கு இடம் என்று சொல்லிப் பெருமைப்பட்டிருந்தோம், அது போயிற்று. ஐந்து குடும்பங்களை ஆலயத்தில் வைத்தோம். மற்றவர்களைச் சபையார் தங்கள் வீடுகளுக்கு அழைத்துப் போனார்கள். நாங்கள் தற்காலிகமாக இரண்டு கழிப்பறை கட்டினோம். பெண்களுடையதை வெளிச்சம் இருக்கிற பக்கத்தில், உள்ளே தாழ்ப்பாளோடு கட்டச் சொன்னது அந்த அக்காதான்.

ஐந்து வாரம் எங்கள் ஆராதனை வெளியே மரத்தடியில்தான் நடந்தது. இரண்டு ஞாயிறு தூறலில் நனைந்தோம். "ஆலயம் எப்ப காலியாகும்?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள், மறைக்க மாட்டேன். வீட்டுக்கு அழைத்துப் போனவர்களுக்கு இன்னும் கஷ்டம். ஒரு குளியலறை, இரண்டு குடும்பம், ஐந்து வாரம். பணம் கொடுப்பது ஒரு நாளோடு முடிந்துவிடும். இது தினமும் காலையில் எழுந்து மறுபடி கொடுக்க வேண்டியது. எங்கள் வீட்டில் தங்கியிருந்த பெரியவர் இரவெல்லாம் இருமுவார். அம்மா எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுப்பார். ஒரு நாளும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

தினக்கூலி வேலை செய்பவர்

நான் ஒரு வாரக் கூலியைக் கொடுத்தேன். அந்த மாதம் வாடகைக்கு ரொம்பச் சிரமப்பட்டோம். ஒருவர் என்னிடம் வந்து, "கவலைப்படாதீங்க, கர்த்தர் பல மடங்கா திருப்பித் தருவார்" என்றார். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அது எனக்குத் திரும்பி வரவில்லை. வர வேண்டும் என்று கொடுக்கவும் இல்லை. ஆலயத்தில் காணிக்கை போட்ட விதவையிடம் இருந்தது இரண்டே காசு. அதற்குப் பிறகு அவளுக்கு என்ன கிடைத்தது என்று மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதவில்லை. தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததை எல்லாம் போட்டாள் என்று இயேசு சொன்னதோடு அந்த அதிகாரம் முடிகிறது.

பொருளாளர் ஐயா, அந்தப் பாட்டியிடம் வாங்கினீர்களா இல்லையா?

சபைப் பொருளாளர்

வாங்கினோம். நான் அல்ல, போதகர். நான் திகைத்து நின்றபோது அவர் வந்து பாட்டியின் எதிரில் உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்து, மடித்துச் சுருட்டியிருந்த ஒவ்வொரு நோட்டையும் நீவி, பாட்டிக்குக் கேட்கும்படி சத்தமாக எண்ணினார். "ரசீது போடுங்க" என்று என்னிடம் சொன்னார். மற்றவர்களுக்குப் போட்ட அதே புத்தகத்தில், அடுத்த எண்ணில் போட்டுக் கொடுத்தேன். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ரசீதை இரண்டு கையாலும் வாங்கி, டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

அவருடைய பேச்சை வைத்து என்னை நானே பலநாள் கேட்டுப் பார்த்தேன். அவர் மேல் இரக்கப்பட்டுத்தான் வேண்டாம் என்றேன். ஆனால் அந்த இரக்கத்தில், இவர் நம்மிடம் வாங்கிக்கொள்கிறவர், கொடுக்கிறவர் அல்ல என்ற எண்ணம் ஒளிந்திருந்தது. மக்கெதோனியாக்காரர்கள் வந்திருந்தாலும் நான் டப்பாவைத் திருப்பித்தான் தள்ளியிருப்பேன்.

கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பெரிய தொகையை ஒரே ஆள் கையில் விடக் கூடாது என்பதில் பவுலே கவனமாக இருந்தார். தன் உடன் ஊழியரான தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் அனுப்பினார். நாங்களும் மூன்று பேரை நியமித்தோம். சபைக்கு வெளியே, வெள்ளம் புகுந்த குடியிருப்பிலிருந்து ஒருவரும் அதில் இருந்தார். வரவு செலவை வாரா வாரம் ஆலயக் கதவில் ஒட்டினோம். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை மூன்றாம் மாதம் வரை தொடவில்லை. முதல் வாரத்தில் உதவ எல்லாரும் ஓடி வருவார்கள். கதவு, ஜன்னல், தையல் மெஷின் ரிப்பேர் என்று செலவுகள் வரும்போது யாரும் இருக்க மாட்டார்கள் என்று எங்களுக்குச் சொன்னது அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர்தான்.

பாட்டியின் அடக்கச் செலவைச் சபையே ஏற்கும் என்று கமிட்டியில் தீர்மானம் எழுதினோம். அதைச் சொன்னபோது பாட்டி அவ்வளவாக சந்தோஷப்படவில்லை. "சரி, அது அப்ப பாத்துக்கலாம்" என்றார். டப்பாவில் மறுபடி போட ஆரம்பித்திருக்கிறார்.

கூரை இன்னும் மாற்றவில்லை. மழை நாட்களில் இடது பக்கம் மூன்றாவது வரிசைக்கு அருகே ஒரு வாளி வைக்கிறோம். ஆராதனை முடிந்ததும் பாட்டிதான் அதைக் கொட்டிவிட்டு வருவார்.